சகலன்மார் கட்டிய வீடு

தொண்ணூறுகளின் நடுவில் ரொறொன்ரோவில் வீடு வாங்கிய தமிழர்கள் எல்லோரும் ஒரே வீட்டைத்தான் வாங்கினார்கள். முன்னுக்கு இரட்டைக் கராஜ், உள்ளே போனவுடன் வளைந்த படிக்கட்டு, கால் புதையும் காப்பெற், எந்த அறைக்குள் போனாலும் புதுப் பெயின்ற் மணம். ரூஜ் ஆற்றுப் பக்கத்தில் வயல்களைக் கிளறி அந்த வீடுகளை வரிசை வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசைகள் முடிகிற ஒரு மூலையில், முன்னொரு காலத்தில் அந்த வயலின் சொந்தக்காரன் குடியிருந்த பழைய கல்வீடு ஒன்று தனியே நின்றது. அதை நாங்கள் வாங்கினோம்.

நாங்கள் என்றால் இரண்டு குடும்பம். அக்கா, அத்தான், அவர்களுடைய பிள்ளைகள் ஒரு பக்கம்; நான், என் கணவர், எங்களுடைய பிள்ளைகள் மறுபக்கம். செய்தி பரவியதும் கோயிலில் கண்ட சனமெல்லாம் செத்தவீட்டுக்கு வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு விசாரித்தது.

"புது வீடு வேண்டியிருக்கலாமெல்லே? உது நூறு வருசப் பழசாம். எத்தினை பேர் செத்த வீடோ?" என்றார் ஒரு அன்ரி.

"நூறு வருசமா ஒருத்தரும் சாகாமல் உள்ளுக்க இருந்தால்தான் அன்ரி எனக்குப் பயம்" என்றாள் அக்கா.

அந்த வீட்டைத்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அத்தான். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு இந்த நாட்டு வீடுகளோடு ஒரு மனத்தாங்கல். "உதெல்லாம் ஒரு வீடே? பலகையை நட்டு, மட்டையை ஒட்டி, பெயின்ற் அடிச்சு விட்டிருக்கிறாங்கள். கோவத்தில சுவருக்கு ஒரு குத்து விட்டால் கை அடுத்த அறைக்குள்ள நிக்கும்" என்பார். கல்வீட்டைப் பார்க்கப் போன அன்று கூரை ஒழுகிய தடத்தை அவர் கவனிக்கவில்லை. பிள்ளைகள் விட்ட கண்ணாடிப் போளை தானாக உருண்டு போய் மறுசுவரில் முட்டியதையும், அதாவது தரை முழுக்கச் சரிந்து கிடந்ததையும் கவனிக்கவில்லை. ஒரு முழத்துக்கு மேல் தடிப்பான அந்தச் சுவரைக் கையால் குத்திப் பார்த்தார். கை நொந்தது. மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

என் கணவர் நேர் எதிர். அவருக்கு எல்லாம் புதிதாக, வெளிச்சமாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். நல்லவேளையாகக் கல்வீட்டுக்குப் பின்னால் பெரிய காணி கிடந்தது. பின்சுவரோடு ஒட்டிப் புதுப்பகுதி ஒன்று கட்டுவது, கல்லுக்குள் அத்தான் குடும்பம், புதியதற்குள் நாங்கள், நடுவில் போய்வர ஒரு வாசல் என்று பேச்சு முடிந்தது.

எனக்குக் கல்லும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். அக்கா பக்கத்தில் இருந்தால் போதும். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்குத்தான் வீடும் வளவும் சீதனமாகப் போகும். அதனால் அக்கா தங்கச்சிமார் கல்யாணம் முடித்த பிறகும் அடுத்தடுத்த வளவுகளில் இருப்பார்கள். நடுவில் வேலி இருக்கும். வேலியில் ஆள் குனிந்து போய்வரக்கூடிய ஒரு ஓட்டை இருக்கும், பொட்டு என்போம். கறிச்சட்டி, ஒரு சுண்டு அரிசி, ஊர்க்கதை, கண்ணீர் எல்லாம் அதற்குள்ளால்தான் போகும், வரும். சண்டை வந்தால் முதல் வேலையாகக் கிடுகு வைத்து அந்தப் பொட்டை அடைப்பார்கள். எங்கள் இருவருக்கும் வளவு பிரிப்பதற்கு முன்பே நாட்டில் பெரிய சண்டை தொடங்கிவிட்டது. அக்கா அத்தானிடம் கனடாவுக்கு வந்துவிட்டாள். நான் கொழும்பில் காத்துக் கிடந்து பல வருடம் கழித்து வந்தேன். இனிச் சாகும்வரை இவளை விட்டுப் போவதில்லை என்று விமான நிலையத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

கல்வீட்டுக்கு முதல், அக்காவின் அப்பார்ட்மென்றில்தான் இரண்டு குடும்பமும் இருந்தோம். "சகலன்மார் எண்டால் உவையள்போல இருக்கவேணும், ஒரு சத்தம் சந்தடியில்லை" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். அத்தானுக்கு மிசிசாகாவில் விமான நிலையத்தோடு பகல் வேலை. என் கணவருக்குப் பிறம்ரனில் கிடங்கு ஒன்றில் இரவு வேலை. ஒருவர் வீட்டுக்குள் வர மற்றவர் சப்பாத்துப் போடுவார். ஆளை ஆள் கண்டால்தானே சண்டை பிடிக்க? கல்வீட்டுக்குக் குடிவந்த மாதம் இவருக்கும் பகல் வேலை கிடைத்தது. அதோடு சனியும் வந்து குந்தியது.

பழைய கட்டடம் என்பதால் நகரசபைக்காரர் சில நிபந்தனைகள் வைத்தார்கள். முன்பக்கத்தில் கை வைக்கக் கூடாது. கல்லுக்கு நடுவே உதிர்ந்த இடங்களுக்குச் சீமெந்து பூசக் கூடாது, சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும். பின்னால் கட்டும் புதுப்பகுதி பழையதுபோல வேஷம் போடக் கூடாது. புதியது புதியதாகவே தெரிய வேண்டும். வரைபடம் கீறிய இளம் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இது போதுமாக இருந்தது. பெரிய பெரிய கண்ணாடிகளும் தகரக் கூரையுமாகக் கீறிக்கொண்டு வந்தாள். இவர் அந்தப் படத்தைப் பெண் பார்க்கக் கொடுத்த போட்டோபோல நாளுக்கு நாலு தரம் எடுத்துப் பார்த்தார்.

வேலைக்கு வந்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கொந்தராத்துக்கார அண்ணை. ஸ்காபரோவில் பாதிப் பேருடைய பேஸ்மென்ற் அவர் கட்டியதுதான். பேஸ்மென்றைத் தவிர வேறெதுவும் அவர் கட்டியதில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எதைக் கேட்டாலும் "அது பிரச்சினையில்லை, டிறைவோல் மட்டை அடிச்சு விடுவம்" என்பார். தரை சரிவென்றால் டிறைவோல், சுவரில் வெடிப்பென்றால் டிறைவோல். சுண்ணாம்புச் சாந்து என்றதும் மட்டும் அவர் மனம் உடைந்து போனார்.

"ஊரில எங்கட ஆக்கள் சுண்ணாம்பை விட்டுச் சீமெந்துக்கு வர என்ன பாடு பட்டவை. இஞ்ச வந்து திரும்பச் சுண்ணாம்போ?"

வசந்தத்தில் அத்திவாரம் வெட்டினார்கள். மழை பெய்து கிடங்கெல்லாம் நிறைந்து, பிள்ளைகள் அதில் கடதாசிக் கப்பல் விட்டார்கள். அது வற்றிக் கொங்கிறீற் போட்ட பிறகு புதுப்பகுதி கிடுகிடுவென்று எழும்பியது. பலகைகளை நட்டார்கள், குறுக்கே அடித்தார்கள், பார்த்துக்கொண்டிருக்கக் கூரையும் ஏறிவிட்டது. வேலையால் வந்த அத்தான் பின்வளவில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ன தம்பி, நெருப்புப் பெட்டி எழும்பீட்டுது போல."

"ஓம் அண்ணை. குகைக்குள்ள இருக்கிற ஆக்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் தருவம் எண்டுதான்."

முதலில் இது பகிடிதான். நாங்களும் சிரித்தோம். பிறகு பகிடி மெல்லப் புளிக்கத் தொடங்கியது. அத்தான் நெருப்புப் பெட்டி என்பதை நிறுத்தி "உங்கட சாமான்" என்றார். இவர் குகை என்பதை நிறுத்தி, அத்தான் பின்வளவுக்கு வந்தால் உள்ளே போகத் தொடங்கினார்.

வெடி வெடித்தது வாசலில். கல்வீட்டின் குசினி பின்சுவரோடு இருந்தது. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் சின்ன யன்னல் ஒன்று. அந்த யன்னலின் கீழே கல்லை வெட்டி இறக்கி வாசலாக்குவது என்று வரைபடத்தில் இருந்தது. ஒரு சனிக்கிழமை கொந்தராத்துக்கார அண்ணை யன்னலடியில் நின்று ஒரு பாவமும் அறியாமல் கேட்டார்.

"கதவுக்குப் பூட்டு எந்தப் பக்கம் வைக்கிறது?"

"எங்கட பக்கம் வையுங்கோ" என்றார் அத்தான். "பின்பக்கம் எல்லாம் கண்ணாடி. ஆரும் உடைச்சுக்கொண்டு வந்தாலும் இஞ்சால வரேலாது. ஒரு பாதுகாப்பு."

"அப்ப எங்களை வெட்டினாலும் பரவாயில்லை, என்ன அண்ணை?" என்றார் இவர்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லத் தம்பி."

"எங்கட பக்கமே பூட்டு இருக்கட்டும்" என்றார் இவர்.

"அப்ப நான் என்ர வீட்டுக்குள்ள இருந்து வாறதுக்கு உம்மட்டைப் பெர்மிஷன் கேக்கிறதோ?"

"ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டு வைச்சால் என்ன?" என்றார் கொந்தராத்துக்கார அண்ணை. நல்ல மனிதர், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. இரண்டு பேரும் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் அளவுநாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு பூட்டைப் பற்றிய பேச்சு பூட்டோடு நிற்கவில்லை. அப்பார்ட்மென்ற் காலத்தில் குளித்துவிட்டுத் தண்ணீர் துடைக்காமல் விட்டது யார், காரை இரவல் வாங்கிக் கீறியது யார் என்பதெல்லாம் வெளியில் வந்தது. நேரில் காணாமல் இருந்த வருடங்களிலும் இரண்டு பேரும் கணக்கு வைத்துத்தான் இருந்திருக்கிறார்கள். கடைசியில் இவர் சொன்னார்.

"வாசலும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். சுவர் சுவராவே இருக்கட்டும். பெரிய மனுசர் பயமில்லாமல் நித்திரை கொள்ளட்டும்."

"நல்லதாப் போச்சு" என்றார் அத்தான்.

இரவு முழுக்க இவரோடு நான் சண்டை பிடித்தேன். கல்லோடு பேசினாலும் கல் இளகியிருக்கும். காலையில் அக்காவிடம் ஓடினேன். அவள் ஒரு சொல் சொன்னால் அத்தான் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா வெங்காயத்தை உரித்துக்கொண்டே, "ஆம்பிளையள் கதைச்சு முடிச்சிட்டினம். இதுக்குள்ள நாங்கள் என்னத்துக்கு?" என்றாள்.

இவர்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேல் எனக்குப் பெரிய கோபம் வந்தது. எதற்கும் சுடச்சுடப் பதில் சொல்கிறவள், கோயிலில் அன்ரியின் வாயை அடைத்தவள், எனக்குத் தேவையான இடத்தில் வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் பக்கத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னை உள்ளுக்குள் அரித்தது.

கொந்தராத்துக்கார அண்ணைக்கு மட்டும் சந்தோஷம். கல்லை வெட்டுவதை நினைத்து அவர் நித்திரையில்லாமல் இருந்திருக்கிறார். "யன்னலையும் மூடி டிறைவோல் அடிச்சு விடுறன். கண்ணுக்குத் தெரியாட்டில் இல்லைத்தானே?" என்றார். அதுவரை புதுப்பகுதியில் நின்று அந்த யன்னலால் பார்த்தால் அக்கா தொட்டியடியில் நிற்பது தெரியும். பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் எதையோ முணுமுணுப்பாள். வேலையாள் வெள்ளை மட்டையைத் தூக்கி யன்னலின்மேல் வைத்தபோது அவள் நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு மட்டைதான் தெரிந்தது.

இலைகள் கொட்டி முடிகிற நேரத்தில் நாங்கள் புதுப்பகுதிக்கு மாறினோம். கண்ணாடி, வெளிச்சம், வழுவழுப்பு எல்லாம் இவர் கேட்டபடி இருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல நான் சப்பாத்துப் போட்டு, கோட்டுப் போட்டு, வளவைச் சுற்றிப் போய் அக்காவின் முன்கதவு மணியை அடிக்க வேண்டியிருந்தது. மணி அடித்து உள்ளே போனால் விருந்தாளி. விருந்தாளி இருந்து அழ முடியுமா? முதல் பனி விழுந்த பிறகு அதுவும் குறைந்தது. அக்கா பிள்ளைகளிடம் கறி கொடுத்துவிடுவாள். அது வந்து சேரும்போது மேலே எண்ணெய் உறைந்துபோய் இருக்கும். வேலி வைத்து அடைத்த வீட்டில்கூட இதைவிடப் போக்குவரத்து இருக்கும் என்று இவருக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டே அதைச் சூடாக்குவேன்.

இப்படி இருக்கும்போதுதான் வேலை முடிந்ததா என்று பார்க்க நகரசபை இன்ஸ்பெக்ரர் வந்தார். செம்பட்டைத் தாடி வைத்த, அமைதியான மனிதர். கையில் வரைபடம். புதுப்பகுதியைச் சுற்றி வந்தார், தலையாட்டினார், எழுதினார். பின்சுவரடியில் வந்ததும் நின்றார். வரைபடத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வாசல் எங்கே என்று கேட்டார்.

கொந்தராத்துக்கார அண்ணை, உள்ளே இருக்கிறது என்றார்.

இன்ஸ்பெக்ரர் விரலை மடக்கித் தட்டிக்கொண்டே போனார். யன்னலை மூடிய இடத்தில் பொள்ளென்று சத்தம் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளங்கப்படுத்தினார். அனுமதி கொடுத்தது ஒரு வீட்டைப் பெரிதாக்குவதற்கு. நடுவில் வாசல் இல்லையென்றால் இது ஒரே காணியில் இரண்டு வீடு. இந்தக் காணியில் இரண்டு வீடு கட்ட முடியாது. வாசலை வெட்டினால் அவர் கையெழுத்து வைப்பார். வெட்டாவிட்டால் புதுப்பகுதியில் ஒருவரும் குடியிருக்கக் கூடாது.

அத்தான் ஒரு மூலையிலும் இவர் மறு மூலையிலும் நின்றார்கள். இன்ஸ்பெக்ரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, நீங்கள் ஒரே குடும்பம்தானே என்று கேட்டார். ஒருவர் கூரையையும் மற்றவர் தரையையும் பார்த்தபடி ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். ஊரில் எந்தப் பெரியவர் வந்து பேசியிருந்தாலும் இந்தத் தலையாட்டலை வாங்கியிருக்க முடியாது. நான் அந்த மனிதருக்குத் தேத்தண்ணீரும் கொடுத்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பயித்தம் பணியாரமும் கட்டிக் கொடுத்தேன்.

கல்லை வெட்ட இத்தாலிக்காரர் ஒருவர் பெரிய வட்ட வாளோடு வந்தார். வாளுக்குத் தண்ணீரை விட்டு விட்டு வெட்டினார். அப்படியிருந்தும் இரண்டு வீட்டிலும் கல்மா தூளாகப் பறந்தது. சோற்றில் கல்மா, சொதியில் கல்மா, சாமிப்படங்களுக்கெல்லாம் தானாகத் திருநீறு. யன்னலடியில் இருந்த நீளக் கல்லைப் புரட்டி எடுத்தபோது உள்ளே சுவரின் நடுப்பகுதி வெறும் கூழாங்கல்லும் மண்ணுமாக இருந்தது. "உதைத்தானே நான் குத்திப் பார்த்தனான்" என்று அத்தான் வாய்க்குள் சொன்னதை நான் கேட்டேன். வேறு நாளாக இருந்தால் இவர் அதை விட்டிருக்க மாட்டார்.

வாசல் வந்துவிட்டது. கதவும் வந்தது. கனத்த மரக்கதவு, பளபளவென்று பூட்டு. அதைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுக் கொந்தராத்துக்கார அண்ணை மெல்லச் செருமினார். சகலன்மார் இன்னும் பேசத் தொடங்கவில்லை. எல்லாம் அவருக்கூடாகத்தான்.

"இப்ப... பூட்டு..."

"அவரைக் கேளுங்கோ" என்றார் இவர்.

"நான் சொல்ல என்ன இருக்கு? அவரைக் கேளுங்கோ" என்றார் அத்தான்.

இனி இந்தக் கதவு பூட்டியே கிடக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது. நகரசபைக்கு ஒரு வாசல், எங்களுக்கு ஒரு சுவர். நான் வாயைத் திறப்பதற்கு முன் அக்கா தொட்டியடியில் இருந்து வந்தாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"உந்தக் கதவைக் கொண்டு போங்கோ" என்றாள்.

"எங்க கொண்டு போறது?" என்றார் கொந்தராத்துக்கார அண்ணை.

"எங்கயெண்டாலும். இஞ்ச வேண்டாம்." பிறகு அத்தானைப் பார்த்தாள். "நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் விண்டர் உங்களுக்கு ரெண்டு வேலை. இருட்டோட போனால் இருட்டோடதான் வருவீங்கள். நீங்கள் போன பிறகு நான் அப்பார்ட்மென்ற் கதவைப் பூட்டுறதேயில்லை. தெரியுமோ உங்களுக்கு?"

அத்தான் சுவரில் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"ஆரும் வருவினம் எண்டில்லை. எனக்கு ஆரைத் தெரியும்? பூட்டினால் ஒரு சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு உள்ளுக்க நான் மட்டும்தான். அது எனக்குத் தாங்கேலாது. சும்மா சாத்திப்போட்டுக் கதவடியில கதிரையைப் போட்டு இருப்பன். பூட்டுற கதவைவிடச் சுவர் பரவாயில்லை எண்டுதான் அண்டைக்கு நான் வாய் திறக்கேல்லை. இனி ஒரு நாளும் நான் அந்தச் சத்தம் கேக்கமாட்டன்."

"நீர் எனக்குச் சொல்லவேயில்லையே" என்றார் அத்தான்.

"நீங்கள் நித்திரைக்கெல்லே வீட்டுக்கு வாறனீங்கள்."

எனக்கும் அவள் சொன்னதில்லை. கடிதங்களில் சுகம் என்று எழுதுவாள், பனி அழகு என்று எழுதுவாள். கொழும்பு அறைக்குள் இருந்து அவளுடைய அதிர்ஷ்டத்தை நினைத்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கொந்தராத்துக்கார அண்ணை கதவைத் தூக்கப் பார்த்தார். ஒரு ஆளால் அது அசையவில்லை. இவர் போய் ஒரு பக்கம் பிடித்தார். அத்தான் வந்து மறுபக்கம் பிடித்தார்.

"மெல்லத் தம்பி, கால் கவனம்" என்றார் அத்தான்.

"நீங்கள் பின்னுக்குப் பாருங்கோ அண்ணை, படி இருக்கு" என்றார் இவர்.

அப்படியே கதவைக் கொண்டுபோய்க் கராஜுக்குள் போட்டுவிட்டு, இரண்டு பேரும் வெகுநேரம் திரும்பி வரவில்லை. என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை. வரும்போது புதுப்பகுதியின் சூடு கல்வீட்டுக்கும் போக என்ன செய்யலாம் என்று சத்தமாகச் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். நல்ல ஆரோக்கியமான சண்டை.

அடுத்த நாள் காலை நான் எழும்பி வரும்போது அக்கா என் குசினிக்குள் நின்றாள். மணி அடிக்கவில்லை, கேட்கவில்லை. இரவுச் சட்டையோடு, தலைகூட வாரவில்லை.

"எடியே, இரவுக் கோப்பையெல்லாம் கழுவாமல் விட்டிட்டே படுத்தனி? புது வீட்டில மூதேவியெல்லே குடிவருவாள்? திருவின தேங்காய்ப்பூவையும் வெளியில வைச்சுப் புளிக்க விட்டிருக்கிறாய். உனக்கு எப்பதான் புத்தி வரப்போகுது?"

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. என் வீட்டில், என் குசினியில், விடிந்தும் விடியாமலும். பதிலுக்கு நாலு கேள்வி கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அக்கா சவர்க்காரக் கையோடு திரும்பிப் பார்த்தாள்.

"கோப்பை கழுவச் சொன்னதுக்கே உந்த அழுகை? சரி விடு, நானே கழுவுறன்" என்றாள்.